ஜெர்மனியும் ஜப்பானும் மோதினால் ஜெயிப்பது யார்?

ட்ரம்ப் கார்டு விளையாடும் பையன்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவன் தன் கார்டைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வான். அடுத்தவன் தன்னிடம் இருப்பதைச் சொல்வான். பெரிய எண் யாரிடம் இருக்கிறதோ, அவன் இரண்டு கார்டையும் அள்ளிக்கொள்வான். நாடுகளின் ராணுவ பலத்தைப் பற்றிப் பேசும்போதும் முக்கால்வாசிப் பேர் இந்த விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள்.

ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் ராணுவத்தில் இருப்பவர்கள் சுமார் 1.8 லட்சம் பேர். ஜப்பானின் தற்காப்புப் படையில் சுமார் 2.2 லட்சம் பேர். ஜெர்மனியிடம் உலகின் சிறந்த டாங்கிகளில் ஒன்றான லெப்பர்ட்-2 சுமார் 300 இருக்கின்றன. ஜப்பானிடம் நீர்மூழ்கிக் கப்பல்கள் 20-க்கும் மேல், ஜெர்மனியிடம் 6. பாய்ந்து வரும் ஏவுகணையை வானத்திலேயே மறித்து அடிக்கும் ஏஜிஸ் போர்க்கப்பல்கள் ஜப்பானிடம் 8. ஜெர்மனியிடம் ஒன்றுகூட இல்லை. கார்டுகளைக் கூட்டிக் கழித்தால், ‘தரையில் ஜெர்மனி, கடலில் ஜப்பான்’ என்று பதில் வரும். அதோடு ஆட்டம் முடிந்தது என்று எழுந்துபோய்விடுவார்கள்.

இந்த ஆட்டத்தில் பலருக்கும் ஞாபகம் வராத விஷயம் ஒன்று உண்டு. இது முழுக்கக் கற்பனைச் சண்டை இல்லை. இந்த இரண்டு நாடுகளும் ஏற்கெனவே ஒரு முறை நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. 1914-ல் நடந்த அந்தச் சண்டைக்கும் நம் சென்னைக்கும்கூட ஒரு சம்பந்தம் இருக்கிறது. எந்தத் துறைமுகத்துக்காக அந்த இரண்டு நாடுகளும் அடித்துக்கொண்டனவோ, அந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பி வந்த கப்பல்தான் ‘எம்டன்’.

சீனக் கடலோரத்தில் ஒரு குட்டி ஜெர்மனி

ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் ஜெர்மனிக்கு ஆசியாவின் கிழக்குக் கோடியில் என்ன வேலை?

19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆளாளுக்குச் சீனாவைக் கூறுபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனிக்கும் தன் போர்க்கப்பல்களை நிறுத்திவைக்க அங்கே ஓர் இடம் வேண்டியிருந்தது. ஷான்டாங் மாகாணத்தில் இருக்கும் கியாவ்சவ் விரிகுடாவின் மேல் ஏற்கெனவே ஒரு கண் இருந்தது. சாக்குதான் கிடைக்கவில்லை. 1897 நவம்பரில் அந்த மாகாணத்தில் ஜெர்மன் பாதிரியார்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அதுவே சாக்கானது. சில நாள்களிலேயே ஜெர்மன் கப்பல்கள் வந்து இறங்கின. மறு வருடம் 99 வருடக் குத்தகை என்று சீனாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

அங்கிருந்த சிங்டாவ் என்ற மீனவ ஊரை ஜெர்மானியர்கள் தங்கள் ஊர் மாதிரியே மாற்றினார்கள். சிவப்பு ஓட்டுக் கூரைகள், அகலமான தெருக்கள், ரயில் பாதை, சர்ச், கடலைப் பார்த்த கோட்டைகள் எல்லாம் வந்தன. 1903-ல் ஒரு பீர் தொழிற்சாலையும் வந்தது. உலகம் முழுக்க இன்று விற்கும் ‘சிங்டாவ்’ பீர் அந்தத் தொழிற்சாலையின் வாரிசுதான். ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளுக்கு பிஸ்மார்க், மோல்ட்கே என்று தங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களின் பெயர்களை வைத்தார்கள். அந்தக் குன்றுகளின் சீனப் பெயர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஜப்பானுக்கு இதில் என்ன கோபம்? அதற்கு 1895-க்குப் போக வேண்டும். அந்த வருடம் சீனாவைப் போரில் தோற்கடித்த ஜப்பான், லியாவ்டாங் தீபகற்பத்தைத் தனக்கென்று எழுதி வாங்கியது. ரஷ்யா, பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சேர்ந்து, ‘ஆசியாவின் அமைதிக்காக அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது’ என்று ‘நட்போடு’ ஆலோசனை சொன்னார்கள். கப்பல்களோடு வந்து சொல்லப்படும் ஆலோசனையை யார் மறுக்க முடியும்? ஜப்பான் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தது. இரண்டே வருடத்தில் ஜெர்மனி அதே சீனாவில் தனக்கென்று ஒரு துறைமுகத்தை எடுத்துக்கொண்டதைப் பார்த்தபோது அந்த வயிற்றெரிச்சல் எப்படி இருந்திருக்கும்!

இத்தனைக்கும் ஜப்பான் ராணுவத்துக்கு வாத்தியார் யார் தெரியுமா? ஜெர்மனிதான். 1870-ல் தொடங்கிய போரில் பிரான்ஸை பிரஷ்யா வீழ்த்தியதும், அதுவரை பிரெஞ்சுப் பாணியில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஜப்பான் மெல்ல மெல்ல ஜெர்மன் பாணிக்கு மாறியது. 1885-ல் யாகோப் மெக்கெல் என்ற பிரஷ்ய மேஜர் டோக்கியோவுக்கு வந்து, ராணுவ உயர் கல்லூரியில் மூன்று வருடம் பாடம் நடத்தினார். படையை எப்படி நகர்த்துவது, தலைமையகம் எப்படித் திட்டமிடுவது, சோறும் தோட்டாவும் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தவை. கடற்படைக்கு வாத்தியார் பிரிட்டன்.

ஆக, 1914-ல் மாணவன் வாத்தியாரின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

எம்டன் ஏன் ஊரைவிட்டுக் கிளம்பியது?

முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு வாரம் ஆனபோது, 1914 ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மனிக்கு ஜப்பான் கெடு விதித்தது. ‘ஜப்பான், சீனக் கடல்களிலிருந்து உங்கள் போர்க்கப்பல்களை வெளியேற்றுங்கள். கியாவ்சவ் பகுதியை எங்களிடம் ஒப்படையுங்கள். பதில் சொல்ல ஆகஸ்ட் 23 வரை அவகாசம்’ என்பதுதான் அதன் சாரம். 1895-ல் ஜெர்மனி தனக்கு அனுப்பிய குறிப்பின் தோரணையையே ஜப்பான் வேண்டுமென்றே திருப்பி அனுப்பியது. 19 வருடம் மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள்! பெர்லின் பதில் சொல்லவில்லை. 23-ம் தேதி ஜப்பான் போர் அறிவித்தது.

அப்போதைய கார்டுகளைப் பார்த்தால் ஜெர்மனிதான் கில்லி. உலகிலேயே பயங்கரமான தரைப்படை அதனிடம்தான் இருந்தது. கடற்படையில் பிரிட்டனுக்கு அடுத்த இடம். பிரம்மாண்டமான உருக்கு ஆலைகள், க்ரூப் பீரங்கிகள், ரசாயனத் தொழிற்சாலைகள் என்று எதை எடுத்தாலும் ஜப்பான் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால், ஜெர்மனியின் கிழக்கு ஆசியக் கப்பல் பிரிவின் தளபதி அட்மிரல் மாக்ஸிமிலியன் ஃபான் ஷ்பே இந்த கார்டுகளை நம்பவில்லை. போர் மூண்டபோது அவர் சிங்டாவில் இல்லை, பசிபிக் தீவுகளில் இருந்தார். ஜப்பான் போருக்குள் வரப்போகிறது என்ற வாடை அடித்ததுமே, சிங்டாவுக்குத் திரும்பிப்போனால் எலிப்பொறிக்குள் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும் என்று முடிவு செய்தார். தன் கப்பல்களைத் தென் அமெரிக்கா பக்கம் திருப்பினார். அந்தக் கடலில் ஜப்பானை எதிர்த்து நிற்க முடியாது என்று ஜெர்மன் அட்மிரலே போட்ட கணக்கு அது. வருட முடிவில் ஃபாக்லாந்து தீவுகள் அருகே பிரிட்டிஷ் கப்பல்களிடம் சிக்கி, தன் இரண்டு மகன்களோடு அவர் இறந்தார்.

அவர் பிரித்து அனுப்பிய ஒரே ஒரு கப்பல் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. ஜூலை 31 அன்று சிங்டாவிலிருந்து கிளம்பியிருந்த எம்டன். கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். எண்ணெய் கொழுந்துவிட்டு எரிந்தது, உயிர்களும் போயின. பயந்துபோன ஜனம் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பியது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ‘அவன் சரியான எம்டன்’ என்று தமிழில் ஒரு வார்த்தையும் நிலைத்துவிட்டது. உலகத்தில் வேறு எந்த மொழியிலாவது ஒரு போர்க்கப்பலின் பெயர் கண்டிப்பான அப்பாவுக்குப் பட்டப்பெயராகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த எம்டனுக்கு வீடு திரும்ப வழி இல்லை என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. அதன் வீடு அப்போது முற்றுகையில் இருந்தது.

ஏழு நாள் குண்டுமழை

சிங்டாவைப் பிடிக்கும் பொறுப்பு லெப்டினென்ட் ஜெனரல் காமியோ மிட்சுவோமியிடம் கொடுக்கப்பட்டது. அவரிடம் 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களும் சுமார் 140 பீரங்கிகளும் இருந்தன. பிரிட்டனும் தன் பங்குக்கு 1,500 பேரை அனுப்பியது. அவர்களில் இந்தியாவின் 36-வது சீக்கியப் படைப்பிரிவும் உண்டு. சாராகடி சண்டையில் பெயர் வாங்கிய அதே படைப்பிரிவுதான். கோட்டைக்குள் கவர்னர் மேயர்-வால்டெக்கிடம் இருந்தவர்கள் 5,000-க்கும் குறைவு. அதிலும் சீனாவின் பல ஊர்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மானியர்கள், போர் என்றதும் ஓடிவந்து சேர்ந்துகொண்டவர்கள் கணிசம்.

செப்டம்பர் 2 அன்று வடக்கே லுங்கோவ் என்ற இடத்தில் ஜப்பான் படை கரை இறங்கியது. அது ஜெர்மன் பகுதி அல்ல. போரில் நடுநிலை வகித்த சீனாவின் நிலம். சீனா ஆட்சேபம் தெரிவித்தது. யார் காதிலும் விழவில்லை. இறங்கிய நேரமோ பேய்மழை. வெள்ளத்தில் பாதை எல்லாம் சேறு. பீரங்கிகளை இழுக்க முடியாமல் படை திணறியது. பிறகு சிங்டாவுக்குப் பக்கத்திலேயே லாவ்ஷான் விரிகுடாவில் மறுபடி ஆள் இறக்கினார்கள். படைகள் கடந்துபோன வயல்களும் கிராமங்களும் சீன விவசாயிகளுடையவை.

வானத்திலும் ஒரு புதுமை நடந்தது. ‘வகாமியா’ என்ற ஜப்பானியக் கப்பலிலிருந்து கடலில் இறக்கப்பட்ட விமானங்கள் பறந்துபோய்க் குண்டு போட்டன. கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் நடத்திய உலகின் முதல் தாக்குதல்களில் இது ஒன்று. 27 வருடம் கழித்து பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் செய்த வேலையின் அரிச்சுவடி இங்கேதான் எழுதப்பட்டது. ஜெர்மனி பக்கம் இருந்தது ஒரே ஒரு விமானம். ஓட்டியவர் குந்தர் ப்ளூஷாவ். ஊர் விழுவதற்கு முதல் நாள் கவர்னரின் கடைசிக் கடிதங்களோடு அவர் பறந்து தப்பினார். சீனாவில் ஒரு நெல் வயலில் விமானம் இறங்கியது. அமெரிக்கா சுற்றி, வழியில் பிரிட்டனிடம் பிடிபட்டு, அங்கிருந்த கைதி முகாமிலிருந்தும் தப்பி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். அது தனிக் கதை.

அக்டோபர் 17 நள்ளிரவையொட்டி, எஸ்-90 என்ற சின்ன ஜெர்மன் டார்பிடோ படகு முற்றுகையைத் தாண்டிப் போய் ‘தகாசிஹோ’ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதில் மட்டும் சுமார் 270 பேர் இறந்தார்கள். ஜெர்மன் வீரர்களின் தரத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

காமியோ அவசரப்படவில்லை. பத்து வருடம் முன்னால் ரஷ்யாவின் போர்ட் ஆர்தர் கோட்டையை நேரடியாக ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்து, ஜப்பான் பல்லாயிரக்கணக்கான வீரர்களைப் பலி கொடுத்திருந்தது. அந்தப் பாடம் அவருக்கு மறக்கவில்லை. இரவில் பதுங்குகுழி வெட்டினார்கள். கொஞ்சம் முன்னேறி, மறுபடி வெட்டினார்கள். கனமான பீரங்கிகளைக் கப்பலில் கொண்டுவந்து, தற்காலிகத் தண்டவாளம் போட்டு நகர்த்தினார்கள். வாத்தியார் மெக்கெல் பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

அக்டோபர் 31, ஜப்பான் பேரரசரின் பிறந்தநாளைக் கொண்டாடும் நாள். அன்று காலை பீரங்கிகள் பேச ஆரம்பித்தன. ஏழு நாள் இரவு பகலாகப் பேசின. ஜெர்மன் பீரங்கிகளும் பதில் சொல்லின, குண்டு இருக்கும் வரை. குண்டு தீர்ந்துவிட்டது. புதிதாக வர வழியே இல்லை. நவம்பர் 7 காலை வெள்ளைக் கொடி ஏறியது. ஜெர்மன் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 200 பேர். ஜெயித்தவர்கள் தரப்பில் இழப்பு அதைவிட அதிகம்.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகள் அருகே எம்டனும் வீழ்ந்தது. அதை அடித்தது ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி. அதே கப்பல் கூட்டத்துக்குக் காவலாக வந்துகொண்டிருந்த ‘இபுகி’ என்ற ஜப்பானியக் கப்பல், தானே போய் எம்டனை அடிக்கிறேன் என்று துடித்தது. அனுமதி கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் லட்சக்கணக்கான வீரர்களும் பிரம்மாண்டமான போர்க்கப்பல்களும் இந்த மூன்று மாதமும் எங்கே இருந்தார்கள்? பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் ரஷ்ய எல்லையிலும் வட கடலிலும். அவர்களில் ஓர் ஆள்கூட, ஒரு பெட்டி தோட்டாகூட சிங்டாவுக்குப் போய்ச்சேர முடியாது. அதே சமயம், பசிபிக்கில் ஜெர்மனி வைத்திருந்த மரியானா, கரோலின், மார்ஷல் தீவுகளையும் ஏறக்குறைய சண்டையே இல்லாமல் ஜப்பான் எடுத்துக்கொண்டது. சண்டை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவர முடியாத படையை எண்ணிக்கையில் சேர்ப்பது, ஊரில் இருக்கும் நிலத்தைக் காட்டி ஹோட்டல் பில் கட்டப் பார்ப்பது மாதிரி.

தூரம் என்ன செய்யும்?

‘சரி, ஜெர்மனி தன் முழுக் கடற்படையையும் ஜப்பானுக்கு அனுப்பியிருந்தால்?’ என்று கேட்கலாம். அதற்கும் பரிசோதனை நடந்திருக்கிறது. செய்து பார்த்தது ரஷ்யா.

1904 அக்டோபரில் பால்டிக் கடலிலிருந்து கிளம்பிய ரஷ்யக் கப்பல் படை, ஆப்பிரிக்காவைச் சுற்றி ஏழு மாதம் பயணம் செய்தது. நீராவிக் கப்பல்கள். வழியெல்லாம் நிலக்கரி வேண்டும். உலகத்துத் துறைமுகங்களில் பாதி பிரிட்டன் கையில்; பிரிட்டனோ ஜப்பானின் கூட்டாளி. கடைசியில் நடுக்கடலில் ரஷ்யர்களுக்கு நிலக்கரி கொண்டுவந்து கொடுத்தது ஒரு ஜெர்மன் கப்பல் கம்பெனி. மேல்தளத்தில்கூட நிலக்கரி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, அடிப்பாகம் எல்லாம் பாசியும் சிப்பியும் ஒட்டி, ஆட்கள் அரை உயிராகி வந்து சேர்ந்தார்கள். 1905 மே மாதம் சுஷிமா நீரிணையில் ஜப்பான் அட்மிரல் டோகோ காத்திருந்தார். இரண்டே நாள். ரஷ்யப் படை கடலுக்கடியில். ரஷ்யா இழந்தது ஐயாயிரத்தை ஒட்டிய உயிர்கள். ஜப்பான் தரப்பில் 117 பேர்.

எதிர்த்திசையில் போவதும் நட்பு இருந்தால்தான் முடியும். 1917-ல் ஜப்பானியப் போர்க்கப்பல்கள் மத்தியதரைக் கடலுக்கே போய், ஜெர்மன், ஆஸ்திரிய நீர்மூழ்கிகளிடமிருந்து நேச நாட்டுக் கப்பல்களைக் காத்தன. நன்றாகவே வேலை செய்தன. தங்க மால்டா தீவும் எரிய நிலக்கரியும் பிரிட்டன் கொடுத்தது. அது இல்லையென்றால் ஜப்பானும் அங்கே நின்றிருக்க முடியாது.

நண்பர்களாக இருந்தும் சேர முடியவில்லை

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படைகளை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் அதிகம். அப்போதுதான் கார்டுகள் ரொம்பக் கவர்ச்சி. ஜெர்மனியின் டைகர் டாங்கி 57 டன் எடை. ஜப்பானின் முக்கிய டாங்கியான டைப்-97 சுமார் 15 டன். இரண்டும் எதிரெதிரே நின்றால், அது லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடக்கும் மோதல். கடலுக்குப் போனால் கதை தலைகீழ். ஜெர்மனியின் பெருமையான பிஸ்மார்க் கப்பலில் 38 சென்டிமீட்டர் பீரங்கிகள். ஜப்பானின் யமாட்டோவில் 46 சென்டிமீட்டர். விமானந்தாங்கிக் கப்பல்களைப் பொறுத்தவரை, பேர்ல் துறைமுகத்துக்கு மட்டும் ஜப்பான் ஆறு கப்பல்களை அனுப்பியது. ஜெர்மனி ‘கிராஃப் செப்பலின்’ என்று ஒன்றைக் கட்டத் தொடங்கி, கடைசி வரை முடிக்கவே இல்லை.

டைகரும் யமாட்டோவும் எங்கே சந்தித்துக்கொள்ளும்? ஒன்று தண்ணீரில் இறங்காது, இன்னொன்று தரையில் ஏறாது. இடையில் இருந்ததோ முழு சோவியத் யூனியன். சண்டை போடுவதை விடுங்கள். 1940-ல் கூட்டணி ஒப்பந்தம் போட்டு நண்பர்களாக இருந்தபோதே அவர்களால் ஒருவருக்கொருவர் கைகொடுக்க முடியவில்லை. ஜப்பான் ஒரு டைகர் டாங்கியை விலை கொடுத்து வாங்கியது. அதைக் கப்பலில் ஏற்றி அனுப்ப வழி இல்லாமல், கடைசியில் ஜெர்மன் ராணுவமே அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஆர்டர் போட்டு டெலிவரி ஆகாத பொருள்களின் வரலாற்றில் இதற்குத்தான் முதலிடம்.

கடல் மேல் வழி அடைபட்டதால் நீர்மூழ்கிகளை அனுப்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு பயணத்தில்தான் சுபாஷ் சந்திர போஸ் வந்தார். 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் கிளம்பியவர், ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் அருகே கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகு வழியாக ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது பிறகு நடந்தது. இரண்டு வல்லரசுகளும் அரும்பாடுபட்டு மூன்று மாதத்தில் கொண்டு சேர்த்தது ஒரு தலைவரையும் அவர் உதவியாளரையும்தான் என்றால், அந்தக் கூட்டணி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று புரியும். மறு வருடம் ஜெட் விமான ரகசியங்களோடு திரும்பிக்கொண்டிருந்தபோது அதே ஐ-29 அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.

அப்போது நிஜமாகவே மோதியிருந்தால்? டைகரோ யமாட்டோவோ தீர்மானித்திருக்காது. பெட்ரோல்தான். ஜப்பான் எண்ணெய்க்கு அமெரிக்காவை நம்பியிருந்தது. 1941-ல் அந்தக் குழாயை அமெரிக்கா மூடியதும் இந்தோனேசிய எண்ணெயை நோக்கிப் பாய்ந்தது. ஜெர்மனி ருமேனிய எண்ணெயையும், நிலக்கரியிலிருந்து செயற்கையாக எடுத்த பெட்ரோலையும் வைத்து ஓட்டியது. 20,000 கிலோமீட்டர் கடல் கடந்து போய் ஒரு நாட்டைப் பிடிக்கும் அளவுக்கு இரண்டு பேரிடமும் எரிபொருள் இல்லை.

இன்று?

இன்று கதை இன்னும் சிக்கல். பெர்லினுக்கும் டோக்கியோவுக்கும் வானில் சுமார் 8,900 கிலோமீட்டர். ஜெர்மனியின் டாரஸ் ஏவுகணை 500 கிலோமீட்டர் போகும். ஜப்பான் அமெரிக்காவிடம் வாங்கும் டோமஹாக் 1,600 கிலோமீட்டர் போகும். ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் எட்டவே முடியாது. 2022-ல் ஆறு ஜெர்மன் யூரோஃபைட்டர் விமானங்கள் 24 மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் வந்து காட்டின. வழியில் அபுதாபி இடம் கொடுத்தது, வானத்தில் டேங்கர் விமானங்கள் எரிபொருள் கொடுத்தன.

சட்டமும் இருக்கிறது. 1947-ல் நடைமுறைக்கு வந்த ஜப்பான் அரசியலமைப்பின் 9-வது பிரிவு போரையே கைவிடுவதாகச் சொல்கிறது; அதனால்தான் அவர்கள் படைக்கு ‘தற்காப்புப் படை’ என்று பெயர். ஜெர்மன் ராணுவம் வெளிநாட்டில் சண்டைக்குப் போக வேண்டுமென்றால் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். இரண்டு பேரிடமும் அணு ஆயுதம் இல்லை. இரண்டு பேர் வீட்டிலும் பல்லாயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களையே வாங்குகிறார்கள். ஜெர்மனி 35, ஜப்பான் 147. உதிரிபாகமும் மென்பொருளும் வர வேண்டியதும் அங்கிருந்துதான். இந்த இருவர் சண்டையில் மூன்றாவது ஆள் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது?

பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றால், 1914-ல் வந்த பதில்தான் இப்போதும். ஜப்பான் கடலில் நடந்தால் ஜப்பான். வட கடலில் நடந்தால் ஜெர்மனி. நடுவில் எங்காவது நடந்தால், துறைமுகமும் எண்ணெயும் கொடுக்க யார் முன்வருகிறார்களோ அவர்களுடைய சிநேகிதன்.

சண்டை முடிந்த பிறகு

சிங்டாவில் பிடிபட்ட நாலரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எல்லா முகாம்களும் நல்லபடியாக இருக்கவில்லை. ஆனால் ஷிகோகு தீவிலிருந்த பாண்டோ முகாமின் அதிகாரி மட்சுவே டோயோஹிசா வித்தியாசமான மனிதர். ஜப்பானின் உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன ஐசு பகுதிக்காரர். தோற்றவன் வலி தெரிந்தவர். அவர் முகாமில் கைதிகள் பத்திரிகை நடத்தினார்கள், ரொட்டி சுட்டார்கள், ஊர்க்காரர்களுக்குக் கல்பாலம் கட்டிக் கொடுத்தார்கள். 1918 ஜூன் 1 அன்று பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை முழுமையாக வாசித்தார்கள். பெண் குரல்களுக்கான பகுதிகளை ஆண்களுக்கு ஏற்ப மாற்றிப் பாடினார்கள். ஆசியாவில் அது முழுமையாக ஒலித்தது அன்றுதான் முதல் முறை என்கிறார்கள்.

சிங்டாவில் கேக் கடை வைத்திருந்த கார்ல் யூக்ஹைம் என்பவரையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் சிப்பாய்கூட இல்லை. 1919 மார்ச்சில் ஹிரோஷிமாவில் கைதிகளின் கைவேலைக் கண்காட்சி நடந்தபோது, மரத்தின் வளையங்கள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் பாம்குஹன் கேக்கைச் சுட்டு வைத்தார். ஜப்பானியர்களுக்குப் பிடித்துப்போனது. இன்றும் அங்கே கல்யாண வீடுகளில் அந்த கேக்கைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கண்காட்சி நடந்த கட்டடம் இன்னமும் நிற்கிறது. 1945 ஆகஸ்ட் 6-க்குப் பிறகு, இடிந்த கோபுரக் கூரையோடு உலகமே படத்தில் பார்த்த கட்டடம் அதுதான்.

நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள்? சீனா 1917-ல் நேச நாடுகள் பக்கம் சேர்ந்தது. அதற்கு முன்பிருந்தே லட்சத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் பிரான்ஸில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்ததும் சிங்டாவ் திரும்பக் கிடைக்கும் என்று நம்பினார்கள். 1919-ல் வெர்சாய் மாநாடு அதைத் தூக்கி ஜப்பானிடம் கொடுத்தது. மே 4 அன்று பெய்ஜிங்கில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நவீன சீனாவின் அரசியலே அந்த நாளிலிருந்து வேறு திசையில் போனது. 1922-ல்தான் ஊர் திரும்பி வந்தது. 1938-ல் ஜப்பான் மறுபடி பிடித்தது.

2021-ல் ‘பேயர்ன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் ஏறக்குறைய 20 வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அந்தக் கடல் பக்கம் வந்தது. ஷாங்காயில் நிற்க அனுமதி கேட்டது. சீனா மறுத்துவிட்டது. நவம்பரில் டோக்கியோவில் போய் நின்றது, ஜப்பான் வரவேற்றது. 2024-ல் இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இனி ஜெர்மன் ராணுவம் அந்தப் பக்கம் வந்தால் எரிபொருளும் சாப்பாடும் ஜப்பான் கொடுக்கும். ஜப்பான் இந்தப் பக்கம் வந்தால் ஜெர்மனி கொடுக்கும்.

சிங்டாவில் இப்போது சீனாவின் வடகடல் கப்பல் படைக்குத் தலைமையகம் இருக்கிறது. சீனாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான லியாவ்னிங் நிற்பதும் அந்த ஊரையொட்டித்தான். அது எப்போது கிளம்புகிறது, எந்தத் திசையில் போகிறது என்று டோக்கியோ கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது.